சிங்கர் 15கே மெசின்: பாதம் பூட்டுற ஸ்குறூவுக்குப் புரி போயிட்டுது, சரியான ரப் எங்கை எடுக்கலாம்?

விசுவமடு தையல்காரி

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் வாசிக்கிறதோடை நிண்டனான், இண்டைக்குத்தான் எழுதுறன். பட்டறை வேலை தெரிஞ்ச ஆக்கள் இதிலை கனபேர் இருக்கிறியள், அந்தத் துணிவிலைதான்.

என்னட்டை இருக்கிறது அம்மான்ரை சிங்கர் கால் மெசின், 15கே. 2009 தை மாதம் இடம்பெயரேக்கை அப்பா மெசின்ரை தலையை மட்டும் கழட்டி, கழிவு ஒயில் பூசி, யூரியாப் பையிலை சுத்தி, வளவுக்குப் பின்னாலை மாமரத்தடியிலை தாட்டவர். அப்பா எங்களோடை திரும்பி வரேல்லை. செட்டிகுளம் முகாமாலை விட்டு நாங்கள் வரேக்கை வீடும் இல்லை, மரமும் இல்லை. மாமரத்தின்ரை அடிக்கட்டையைப் பிடிச்சுத்தான் அம்மா இடத்தைக் காட்டினவ. கிண்டி எடுத்து, மண்ணெண்ணெயிலை ஊறப்போட்டு, ஒரு கிழமையாத் துடைச்சு ஓட வைச்சம். அண்டையிலிருந்து இந்த மெசினிலைதான் எங்கடை சீவியம்.

இப்ப பிரச்சினை, துணியை அமத்துற பாதத்தைப் பூட்டுற ஸ்குறூ. கையாலை திருகிறது, தலை பெருத்தது. போன மாதம் அது இறுகாமல் சும்மா சுத்தத் தொடங்கிட்டுது. ரவுணிலை ஒரு கடையிலை குடுத்தன். அவர் பழைய ஸ்குறூவைக் கழட்டி எங்கையோ எறிஞ்சுபோட்டு, வேறை ஒரு ஸ்குறூவை வைச்சுக் குறட்டாலை நெரிச்சுப் பாத்திருக்கிறார். ரெண்டு சுத்துப் போய் இறுகிட்டுது. "இந்தப் பழசுக்கு இனிச் சாமான் இல்லை, ஓட்டையைப் பெருப்பிச்சு 4 மில்லி போடுவம்" எண்டார். எனக்கு மனம் வரேல்லை, அப்பிடியே தூக்கிக்கொண்டு வந்திட்டன்.

இது என்ன புரி, அதாவது ஸ்குறூவிலை ஓடுற திருகு வரி என்ன அளவு? இதுக்கு ரப், ஓட்டைக்குள்ளை புரி வெட்டுற கருவி, எங்கை கிடைக்கும்? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

மாங்குளம் பெடியன்

அக்கா, நான் மோட்டார் சைக்கிள் திருத்துறனான். கடைக்காரர் சொன்னதிலை பிழை இல்லை. 3.3 மில்லி பிற், அதுதான் துளைக்கிற அலகு, போட்டு ஓட்டையைத் துளைச்சு, 4 மில்லி ரப் விட்டா பத்து நிமிச வேலை. 4 மில்லி ஸ்குறூ எந்தப் பெட்டிக்கடையிலையும் இருக்கும். பழைய புரியைத் தேடி அலையிறது வீண்செலவு எண்டுதான் நான் சொல்லுவன்.

பழைய லேத்

பிள்ளை, பாதத்தைத் தாங்குற அந்தக் கம்பியிலை பிற் வைக்க ஒருத்தரையும் விடாதையுங்கோ. முதலிலை அதைச் சொல்லிப்போட்டு மிச்சத்துக்கு வாறன்.

தம்பி மாங்குளம், நீர் சொல்லுறது மோட்டார் சைக்கிள் எஞ்சின் மூடிக்குச் சரி. அங்கை அலுமினியம் தடிப்பாக் கிடக்கும், பெருப்பிச்சால் தாங்கும். இது மெல்லிய கம்பி. அதின்ரை நுனியிலை பக்கவாட்டாத் துளைச்ச ஓட்டை. ஒருக்காப் பெருப்பிச்சா ரெண்டு பக்கச் சுவரும் மெலிஞ்சிடும். நாளைக்குத் தடிச்ச துணி போட்டுப் பாதத்தைத் தூக்கி இறக்கேக்கை அதிலை வெடிக்கும். இன்னொண்டும் இருக்கு. பாதத்திலை இருக்கிற வெட்டு பழைய ஸ்குறூவின்ரை உடம்புக்கு அளவா வெட்டினது. 4 மில்லி போட்டா அந்த வெட்டையும் அராவோணும், பிறகு நாளைக்கு வாங்கிற ஒவ்வொரு பாதத்தையும் அராவோணும். சிப் பூட்டுற பாதம், ஓரம் மடிக்கிற பாதம், எல்லாத்தையும். ஒரு ஓட்டையிலை தொடங்கின பிழை மெசின் முழுக்கப் போகும்.

நான் 70கள்ளை பரந்தனிலை வேலை பழகினனான். பிறகு பொருளாதாரத் தடைக் காலம் முழுக்க வன்னியிலைதான் பட்டறை போட்டிருந்தனான். பற்றரி வராது, சீமெந்து வராது, எண்ணெய் வராது. ஸ்குறூ ஒண்டு துலைஞ்சா அதை நாங்களே கடையோணும். அந்தக் காலத்திலை எத்தினை சிங்கர் என்ரை கையாலை போனது எண்டு கணக்கில்லை. அதாலை சொல்லுறன், உங்கடை புரி முழுக்கச் செத்திருக்காது. ரெண்டு சுத்திலை இறுகினதெண்டால் வாயிலை இருக்கிற ரெண்டு புரிதான் நசிஞ்சிருக்கும். உள்ளுக்கை மிச்சம் இருக்கும்.

இப்ப எனக்கு அளவு வேணும். அக்கம்பக்கத்திலை அதே மாதிரிச் சிங்கர் வைச்சிருக்கிற ஆக்களிட்டை அந்த ஸ்குறூவை ஒருக்கா இரவல் வாங்குங்கோ. புரிக்கு மேலாலை குறுக்களவை வேணியர் கலிப்பரிலை எடுங்கோ. பள்ளிக்கூடத்திலை விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆக்களிட்டை ஒண்டு இருக்கும். பிறகு புரியை எண்ணோணும். இரும்பு அரியிற வாளின்ரை அலகு ஒண்டை எடுத்துப் பல்லைப் புரியோடை பொருத்திப் பாருங்கோ. அலகிலை 18, 24, 32 எண்டு அடிச்சிருக்கும், அங்குலத்துக்கு அத்தினை பல் எண்டு அர்த்தம். பல்லும் புரியும் ஒண்டுக்குள்ளை ஒண்டு அமந்து இருந்தால் அதுதான் கணக்கு. 32உம் பொருந்தாமல் இன்னும் நெருக்கமா இருந்தால், ஸ்குறூவைக் காய்ஞ்ச சவர்க்காரக் கட்டியிலை அமத்தி எடுங்கோ. தடம் விழும். அதுக்குப் பக்கத்திலை அடிமட்டத்தை வைச்சு ரெலிபோனிலை கிட்டப் படம் எடுத்துப் பெருப்பிச்சு எண்ணலாம்.

விசுவமடு தையல்காரி

ஐயா, நீங்கள் சொன்ன மாதிரியே செய்தன். மூண்டு வீடு தள்ளி ஒரு ஆச்சியிட்டைக் கை மெசின் இருக்குது, அதுவும் சிங்கர்தான். "பத்திரமாக் கொண்டு வா பிள்ளை" எண்டு சொல்லி, ஸ்குறூவைத் தீப்பெட்டிக்குள்ளை வைச்சுத் தந்தவ.

குறுக்களவு மூண்டு தரம் எடுத்தன். 3.52, 3.54, 3.53. வாள் அலகு 32 பொருந்தேல்லை, முதல் ரெண்டு பல்லு இருக்குது, பிறகு ஏறிக்கொண்டு போகுது. சவர்க்காரத்திலை அமத்தினன். 6 மில்லிக்குச் சற்றுக் கூட, ஒரு கால் அங்குலம் எடுத்து எண்ணினால் பத்து வரி. தங்கச்சி தனிய எண்ணினவள், அவளுக்கும் பத்து.

ஆச்சியின்ரை ஸ்குறூவை என்ரை மெசினிலை மெல்லமா வைச்சுப் பாத்தன். வாயிலை பிடிக்குதில்லை, சரிஞ்சு போகுது. நெரிக்கேல்லை, எடுத்திட்டன். ஈர்க்கு ஒண்டைக் கூராக்கி உள்ளுக்கை விட்டுத் தடவினால், ஆழத்திலை புரி நறுநறு எண்டு தெரியுது. வாயிலை மழமழ எண்டு கிடக்குது. ஐயா சொன்னது சரிதான் போலை.

பேர்மிங்காம் சுரை

வணக்கம் அக்கா. நான் முள்ளியவளை, இப்ப பேர்மிங்காமிலை அச்சுக்கருவி செய்யிற பட்டறை ஒண்டிலை வேலை. உங்கடை அளவு மிகத் தெளிவாக இருக்குது. கால் அங்குலத்துக்குப் பத்து எண்டால் அங்குலத்துக்கு 40 புரி. தேய்ஞ்ச ஸ்குறூ 3.53 எண்டால் புதுசிலை 3.57, அதாவது 9/64 அங்குலம். இது 9/64 - 40. சிங்கர் வீட்டு மெசின்களிலை பாதம் பூட்டுற ஸ்குறூவுக்குப் பேர்போன அளவே இதுதான்.

தையல் மெசின் புரி தனிக் குடும்பம். 3/32 - 56, 1/8 - 44, 9/64 - 40, 11/64 - 40, 3/16 - 28, 3/16 - 32, 15/64 - 28 எண்டு போகும். கடையிலை விக்கிற மில்லி அளவு எம் வரிசையோ பழைய இங்கிலாந்து விட்வேர்த் புரியோ இதுகளுக்குச் சரிவராது. இண்டைக்கும் கார்மென்ற்ஸ் பெரிய மெசின்கள் இதே புரியிலைதான் வருது, ஆனபடியால் இது செத்துப்போன புரி இல்லை. தையல் மெசின் உதிரிப்பாகம் விக்கிற இடத்திலைதான் தேடோணும். இந்தியாவிலை லூதியானாவிலை செய்யிற சாமான் அந்த அளவிலை வரும்.

இதிலை ஏமாத்துற ரெண்டு புரி இருக்குது, கவனமா இருங்கோ. ஒண்டு 4பிஏ. பழைய இங்கிலாந்து றேடியோ, மின்சாரச் சாமானிலை வாறது. குறுக்களவு 3.6, புரிக்குப் புரி 0.66 மில்லி. உங்கடை 9/64 - 40 குறுக்களவு 3.57, புரிக்குப் புரி 0.635. பாத்தால் ரெண்டும் இரட்டைப் பிள்ளையள். ஆனால் ஒவ்வொரு சுத்துக்கும் 0.025 மில்லி விலகும். முதல் ரெண்டு மூண்டு சுத்து வெண்ணெய் மாதிரிப் போகும், பிறகு இறுகும், "துரு போலை" எண்டு நினைச்சு நெரிக்கச் சொல்லும். நெரிச்சீங்களோ, புரி போச்சு. பிஏயின்ரை கோணமும் வேறை, 47.5 பாகை. மற்றது எம் 3.5. அது புரிக்குப் புரி 0.6, இன்னும் மோசம்.

உதவிக்கு வாறதும் ஒண்டு இருக்குது. அமெரிக்க வரிசையிலை 6-40 யூஎன்எஃப் எண்டு ஒரு ரப். குறுக்களவு 3.505, அங்குலத்துக்கு அதே 40 புரி. உங்கடை புரியை விட ஒரு மயிரளவு, 0.067 மில்லிதான் சிறிசு. புதுசா வெட்ட அது காணாது. இருக்கிற புரியைத் துப்புரவாக்க, நசிஞ்சதை நிமித்த அது திறம். சிறிசானபடியால் நல்ல புரியைச் சுரண்டாது. நசிஞ்ச வாயைத் தாண்டி உள்ளுக்கை போய் நல்ல புரியைத் தேடிப் பிடிக்கும்.

பழைய புரி தேடுற இந்த வேலை எனக்கு நல்லாப் பழக்கம். இந்த ஊர் ஒரு காலத்திலை துவக்குச் செய்த ஊர். எங்கடை பட்டறைக்குப் பழைய துவக்குத் திருத்துற கிழவர்மார் வருவினம். நூறு, நூற்றைம்பது வருசத்து வேட்டைத் துவக்குகளின்ரை ஸ்குறூ உங்கடையிலும் பாக்கக் கஷ்டம். ஏனெண்டால் ஒவ்வொரு பட்டறையும் தன்ரை புரித் தகட்டிலை வெட்டினது. புரித் தகடு எண்டால் உருக்குத் தகட்டிலை வரிசையாப் புரியோடை ஓட்டை. அந்தத் தகடு தேய்ஞ்சால் ஸ்குறூவும் அந்தத் தேய்மானத்தோடைதான் வரும். ஒரு துவக்கின்ரை ஸ்குறூ பக்கத்துத் துவக்குக்குப் பொருந்தாது. அதாலை அவை கடையிலை ரப் தேடுறேல்லை. ஸ்குறூவை அளந்து, அதுக்கெண்டு ஒரு ரப்பை லேத்திலை வெட்டி எடுப்பினம். ஒரு ஸ்குறூவுக்காக ஒரு கிழமை மினக்கெடுவினம், ஆனால் ஓட்டையைப் பெருப்பிக்கிறது எண்ட கதையே அவையின்ரை வாயிலை வராது.

எங்கடை அப்பு ஓடின பிஎஸ்ஏ சைக்கிளிலை மூண்டு துவக்குச் சாத்தி வைச்ச மாதிரி ஒரு அடையாளம் இருக்கும், ஞாபகம் இருக்கோ? அந்தக் கொம்பனி 1861இலை இந்த ஊர்த் துவக்குக்காரர் சேர்ந்து தொடங்கினது. சைக்கிள் பிறகு வந்தது. சின்னனிலை அந்தத் துவக்கு என்னத்துக்கு எண்டு அப்புவைக் கேட்டனான், அவருக்கும் தெரியாது. இஞ்சை வந்துதான் விளங்கினது.

ஒட்டுசுட்டான் மாமா

சைக்கிள் கதை வந்தபடியாக் கேக்கிறன். என்னட்டை 50களிலை வந்த றலி ஒண்டு கிடக்குது. பெடல் அச்சு ஓடுற கப் தேய்ஞ்சு போச்சு. கடையிலை வாங்கின புதுக் கப் ஒரு சுத்துக்கு மேலை ஏறுதில்லை. அதுவும் இந்தக் கேஸ்தானோ?

பேர்மிங்காம் சுரை

ஓம் மாமா, அதே கேஸ். மற்ற இங்கிலாந்துச் சைக்கிளுக்கு அந்தக் கப்பிலை அங்குலத்துக்கு 24 புரி. நொட்டிங்காம் றலி மட்டும் தன்ரை பாட்டிலை 26 வெட்டினது. முன் கவட்டுக் கப்பும் அப்பிடித்தான். 24 கப்பை நெரிச்சு ஏத்தாதையுங்கோ, சட்டம் பாழாப்போகும். பழைய றலி ஒண்டு உடைச்ச இடத்திலை கப்பைக் கழட்டி எடுக்கிறதுதான் லேசு. தனி இழை ஒண்டு திறவுங்கோ, விபரமா எழுதுறன்.

மாங்குளம் பெடியன்

அக்கா, நான் முதல் எழுதினது பிழை. லேத் ஐயா சொன்ன சுவர் மெலியிற கதை எனக்குப் படேல்லை.

ஒரு கேள்வி. விட்வேர்த் எண்டு உலகம் முழுக்க ஒரு புரி இருக்கேக்கை சிங்கர் ஏன் இப்பிடி 9/64, 11/64 எண்டு ஒருத்தரிட்டையும் இல்லாத அளவு எடுத்தது? சாமானைத் தன்னட்டையே வாங்கோணும் எண்டோ?

பழைய லேத்

தம்பி, கேட்டது நல்லது. விட்வேர்த் எண்ட மனுசன் தன்ரை புரியை 1841இலை சொன்னது, 55 பாகைக் கோணம். அது பாலத்துக்கும் நீராவி எஞ்சினுக்கும் எண்டு பெரிய சுரையாணிக்கு வந்த புரி. 3/16க்கு விட்வேர்த்திலை 24 புரி. அதைத் தையல் மெசினுக்கை போட்டுப் பாரும். நிமிசத்துக்கு நூற்றுக்கணக்கிலை ஊசி குத்தி அதிருற சாமான். பரும் புரி அதிர்விலை தானாக் கழரும், நெருங்கின புரி லேசிலை கழராது. பிறகு, ஸ்குறூ போற இடமெல்லாம் மெல்லிய இடம். நாலு மில்லித் தடிப்பிலை 24 புரி விட்டா மூண்டு நாலு புரிதான் பிடிக்கும், 40 விட்டா ஆறு பிடிக்கும். அது அமெரிக்காவிலை தொடங்கின கொம்பனி வேறை. அங்கை 1864இலைதான் 60 பாகையிலை ஒரு பொதுப் புரியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினவை. சிங்கர் அதுக்கு முந்தியே மெசின் வித்துக்கொண்டிருந்தது. இலங்கைக்கும் 1877இலை வந்திட்டுது. தனக்கு வேணுமான புரியைத் தானே வெட்டினது, பிறகு லட்சக் கணக்கிலை மெசின் போனபிறகு மாத்த ஏலாது. மாத்தாமல் விட்டதாலைதான் தம்பி, இண்டைக்கு எண்டாலும் ஸ்குறூ கிடைக்குது.

பிள்ளை, உங்கடை 15கேயிலை "கே" எண்டால் கில்போவி. ஸ்கொட்லாந்திலை கிளைட்பாங்க் எண்ட இடத்திலை இருந்த தொழிற்சாலை. 1980இலை அதைப் பூட்டிட்டாங்கள்.

இனி வேலைக்கு வருவம். முழு மெசினைத் தூக்கிக்கொண்டு வரவேண்டாம், கம்பியை மட்டும் கழட்டுங்கோ. முதல், பாதம் இருந்த உயரத்தையும் அது பாத்த திசையையும் அடையாளம் பண்ணுங்கோ. கம்பியிலை பென்சில் வரி ஒண்டு காணும். மேலை அமத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகியைக் கழட்ட உள்ளுக்கை இருக்கிற சுருளும் வரும். முகத் தகட்டைத் திறந்து கம்பியைப் பிடிச்சிருக்கிற கட்டையின்ரை ஸ்குறூவை இளக்கினால் கம்பி உருவிக்கொண்டு வந்திடும். கழட்டுற ஒவ்வொண்டையும் ரெலிபோனிலை படம் எடுங்கோ, திருப்பிப் பூட்டேக்கை உதவும்.

6-40 ரப் கிடைச்சால் நல்லது. கிடைக்காட்டில் நான் வெட்டித் தாறன். என்ரை லேத்திலை லீட் ஸ்குறூ, வெட்டுற உளியை நகத்துற நீளத் திருகு, அங்குலத்துக்கு 4 புரி. 40 வெட்ட அதிலை பத்திலை ஒண்டு வேணும், 20, 80, 40, 100 பல்லுச் சில்லுப் போட்டால் சரி. இப்ப வாற புது லேத் மில்லி லீட் ஸ்குறூவோடை வருது. அதிலை அங்குலப் புரி வெட்ட 127 பல்லுச் சில்லு வேணும், கனபேரிட்டை அது இல்லை. பழைய லேத்தை இரும்புக்கு விக்கிற ஆக்களுக்கு இதையும் சொல்லுறன்.

வவுனியா ஹாட்வெயார்

கடையிலை நிக்கிறவன் எண்ட முறையிலை சொல்லுறன். எங்களட்டை எம் வரிசை ரப் எல்லாம் இருக்குது, விட்வேர்த்திலை 1/4, 5/16, 3/8, 1/2 இருக்குது. யூஎன்எஃப் சின்ன நம்பர் நாங்கள் எடுக்கிறேல்லை, கேக்கிற ஆக்கள் இல்லை. ஒருத்தர் 6-40 கேட்டுவர 6-32ஐக் குடுத்து அனுப்பின கதை எனக்குத் தெரியும். ரெண்டுக்கும் குறுக்களவு ஒண்டுதான், ஆனால் 32 புரி. அதை விட்டால் உள்ளுக்கை மிஞ்சியிருக்கிற புரியும் அழியும். ரப்பின்ரை கழுத்திலை அடிச்சிருக்கிற நம்பரைப் பாத்து வாங்குங்கோ, பெட்டியிலை ஒட்டியிருக்கிறதை நம்பாதையுங்கோ.

அக்கா, ஸ்குறூ நான் தேடித் தாறன். தையல் மெசின் சாமான் எடுக்கிற ஒருத்தரைத் தெரியும்.

விசுவமடு தையல்காரி

பத்து நாள் எழுதேல்லை, குறை நினைக்காதையுங்கோ. நடந்ததை முழுக்க எழுதுறன்.

6-40 கிடைக்கேல்லை. அதாலை ஐயாவிட்டையே போறதெண்டு முடிவெடுத்தன். கம்பியைக் கழட்டினது நானும் தங்கச்சியும். கம்பி உருவி வரேக்கை மேலை இருந்த துளைக்குள்ளாலை செம்மண் தூள் கொஞ்சம் முகத் தகட்டிலை கொட்டினது. இத்தினை வருசமா ஓடின மெசின், எத்தினை தரம் எண்ணெய் விட்டுத் துடைச்சிருப்பம், அதுக்குள்ளை இன்னும் அந்தக் கிடங்கு மண் இருந்திருக்குது. அம்மா அதைத் துடைக்க விடேல்லை. ஒரு கடுதாசியிலை தட்டி எடுத்து மடிச்சு வைச்சிருக்கிறா.

கம்பியைப் பழைய சீலையிலை சுத்திக்கொண்டு பரந்தனுக்கு பஸ் எடுத்து, அங்காலை கிளிநொச்சி. ஐயா கண்ணாடியைப் போட்டுக் கம்பியை வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்தார், ஊசி ஒண்டாலை உள்ளுக்கைத் தடவினார். "அஞ்சு புரி சுகமா இருக்குது" எண்டார். ஆஸ்பத்திரியிலை டொக்டர் சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

ரப் வெட்டினதை நான் பக்கத்திலை நிண்டு பாத்தனான். சில்வர் ஸ்டீல் எண்டு, கருவி செய்யிற உருக்கிலை ஒரு 4 மில்லிக் கம்பி. அதை 3.57க்குக் கடைஞ்சார். இவ்வளவு மெல்லிசு வளையும் எண்டு, வெளியிலை கொஞ்சமா நீட்டி, மற்ற நுனியை ஒரு கூர் முனையாலை தாங்க வைச்சவர். புரி வெட்டேக்கை ஒரே தரத்திலை ஆழம் போகேல்லை. ஒவ்வொரு தரமும் தலைமயிர் மாதிரி ஒரு சீவல்தான் வந்தது, எத்தினை தரம் எண்டு எண்ணத் தொடங்கி விட்டிட்டன். இடையிலை ஆச்சியின்ரை ஸ்குறூவைப் பக்கத்திலை பிடிச்சு, ரெண்டு புரியையும் முகத்துக்கு முகம் பொருத்தி வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாப்பார். இடைவெளியாலை வெளிச்சம் தெரிஞ்சால் இன்னும் ஒரு சீவல். கடைசியா வெளிச்சமே தெரியேல்லை. பிறகு முன் நுனியைச் சரிச்சு, சின்ன அரத்தாலை நீளப்பாட்டுக்கு நாலு வாய்க்கால் அராவினார், வெட்டுற தூள் போறதுக்கு. அது மட்டும் ஒரு மணித்தியாலத்துக்கு மேலை போனது.

பிறகு தோய்ச்சல், உருக்கைச் சூடாக்கித் தண்ணியிலை விட்டுக் கடினமாக்கிறது. காஸ் விளக்கிலை காட்டக் காட்ட கம்பி சிவந்துகொண்டு வந்தது. ஐயா ஒரு காந்தத்தைக் கிட்டக் கொண்டு போய்க் கொண்டு போய்ப் பாத்தார். காந்தம் இழுக்காமல் விட்ட உடனை, இன்னும் ஒரு கணம் பிடிச்சுப்போட்டு, நேர நிமித்தித் தண்ணியிலை விட்டார். அரத்தாலை உரசினால் அரம் வழுக்குது. "இப்ப இது கண்ணாடி, விழுந்தால் உடையும்" எண்டார். மினுக்கி எடுத்து, பிடிப் பக்கத்திலையிருந்து மெல்லமாச் சூடு காட்டினார். நிறம் ஒண்டு ஊர்ந்து வந்தது. முதல் வெளிறின மஞ்சள், பிறகு வைக்கோல் நிறம். அது நுனிக்குக் கிட்ட வந்த கணமே திரும்பத் தண்ணி. நான் மூச்சு விடாமல் நிண்டன்.

என்ரை கம்பியிலை ஐயா முதல் செய்தது ரப் விடுறது இல்லை. நசிஞ்ச வாயை ஒரு கூரான பிற்றைக் கையாலை உருட்டி மெல்லிசாச் சரிச்சு எடுத்தார். வாயிலை இருந்த பிழைப் புரியை அப்பிடியே விட்டால் ரப் அதைப் பிடிச்சுக்கொண்டு பிழையாப் போகுமாம். பிறகு ரப்பை ஒரு சொட்டு எண்ணெயோடை வைச்சு, முதலிலை மற்றப் பக்கம், இடப்பக்கமாத் திருகினார். மெல்லிய "டிக்" எண்டு ஒரு சத்தம். புரி புரிக்குள்ளை விழுந்த சத்தம் அதுதானாம். அதுக்குப் பிறகுதான் வலப்பக்கம். அரைச் சுத்து முன்னாலை, கால் சுத்துப் பின்னாலை, தூளைத் துடைச்சு, திரும்ப. ரெண்டே நிமிசம். ஆச்சியின்ரை ஸ்குறூவை வைச்சு விரல் நுனியாலைதான் சுத்தினவர். கடைசி வரைக்கும் போய் நிண்டது.

காசு எடுக்க மாட்டன் எண்டு ஐயா பிடிவாதம். நான் ரெண்டு சேட்டுத் தைச்சுக் கொண்டு வாறன் எண்டு அளவு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறன்.

வவுனியாத் தம்பி அனுப்பின ஸ்குறூ நேற்றுக் கிடைச்சது, நல்லாப் பொருந்துது. ஆச்சியின்ரை ஸ்குறூவைத் தீப்பெட்டியோடையே கொண்டு போய்க் குடுத்தன். அம்மா ரெண்டு சீலைத் துண்டை மடிச்சுப் போட்டுத் தைச்சுப் பாத்தா. பாதம் அசையேல்லை. தையல் நேர் கோடு. இண்டைக்கு விடியத் தொடக்கம் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை ஏழு வெட்டி வைச்சிருக்கிறன், மூண்டு முடிஞ்சுது.

பேர்மிங்காம் சுரை

இடப்பக்கம் திருகி "டிக்" கேக்கிறது! அக்கா, இதே வேலையை இஞ்சை ஒரு கிழவர் எனக்குக் காட்டித் தந்தவர், பழைய துவக்கு ஒண்டின்ரை பூட்டுத் தகட்டிலை. ஐயா ஆரிட்டைப் பழகினவர்?

பழைய லேத்

ஆரும் காட்டித் தரேல்லை தம்பி. தடைக் காலத்திலை ஒரு ரப் உடைஞ்சால் இன்னொண்டு இல்லை. அதாலை கை தானாப் பழகினது.

பிள்ளை, ஒரு விசயம் சொல்ல மறந்திட்டன். பாதத்தை மாத்தேக்கை குறடு பிடிக்காதையுங்கோ, ஸ்குறூ ட்றைவராலை ஒரு சின்ன இறுக்கு மட்டும் காணும். எண்ணெய் விடேக்கை தையல் மெசின் எண்ணெய்தான், தேங்காய் எண்ணெய் கனவிலையும் வேண்டாம், அது பிசினாப் போய் எல்லாத்தையும் பிடிக்கும். முகத் தகட்டுக்குப் பின்னாலை ஒரு கடுதாசியிலை "9/64 - 40" எண்டு எழுதி ஒட்டி விடுங்கோ. உங்களுக்குப் பிறகு திருத்துறவன் தேடி அலையக் கூடாது.

மாங்குளம் பெடியன்

ஐயா, எங்கடை பெரியம்மாவிட்டையும் ஒரு சிங்கர் இருக்குது, அதே ஸ்குறூ ஆடுது. அந்த ரப்பை ரெண்டு நாளைக்கு இரவல் தருவியளோ? நான் நெரிக்க மாட்டன்.

பழைய லேத்

ரப் என்னட்டை இல்லை, பிள்ளையிட்டைக் குடுத்து விட்டிட்டன். விசுவமடுவிலைதான் இருக்குது. கேட்டு வாங்கும். முதல் இடப்பக்கம்.

விசுவமடு தையல்காரி

ஓம் தம்பி, வாங்கோ. ஆச்சி தந்த மாதிரி ஒரு தீப்பெட்டியிலை எண்ணெய் பூசி வைச்சிருக்கிறன். வேறை ஆருக்கும் வேணுமெண்டாலும் இதிலை எழுதுங்கோ, ஒருத்தர் திருப்பித் தந்த பிறகு மற்றவருக்குத் தருவன். கீழை விழுத்தாதையுங்கோ, அது உடையும்.